சோறு போட்டால் ஆறு மாதம் சிறை: 1930-இல் வேதாரண்யம் சாலையில் நடந்தது



போன தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்காக நம் வாசலில் மேசை போட்டுச் சுக்குக் காப்பியும் வாழைப்பழமும் கொடுத்தோம், நினைவிருக்கும். இரண்டாவது பிளாக்கில் இருக்கும் ஆச்சி ஒருவர் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து காப்பிக்கு உலை வைத்தார். அதற்கு முன் நடந்த சங்கக் கூட்டத்தில் ஒரு கல்லூரி மாணவர் எழுந்து, “ரோட்டில் போகிறவர்களுக்குச் சாப்பாடு கொடுக்க அனுமதி ஏதாவது வாங்கணுமா சார்?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டோம். “வழிநடை போகிறவர்களுக்குக் கொடுக்க யார்ப்பா அனுமதி கேட்பா?” என்றார் ஆச்சி.

அந்தத் தம்பி கேட்டது சிரிக்கக் கூடிய கேள்வி இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நடந்து போகிறவர்களுக்குச் சோறு போட்டால் ஆறு மாதம் சிறை என்று அரசாங்கம் தண்டோரா போட்ட காலம் ஒன்று இருந்தது. வெகுதூரத்தில் இல்லை, நமக்கு வடகிழக்கே தஞ்சை மாவட்டத்தில்தான். ஆண்டு 1930.

எதற்காகக் கிளம்பினார்கள்?

தண்டி யாத்திரையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். 1930 மார்ச் 12-இல் காந்தி 78 தொண்டர்களோடு சபர்மதி ஆசிரமத்திலிருந்து கிளம்பி, ஏப்ரல் 6-ஆம் தேதி தண்டிக் கடற்கரையில் உப்பு எடுத்தார். அப்போது உப்பு அரசாங்கத்தின் கைக்குள் இருந்தது. ஒரு மணங்கு உப்புக்கு, அதாவது ஏறத்தாழ 37 கிலோவுக்கு, ஒன்றேகால் ரூபாய் வரி. கடலோரத்தில் தானாகக் காய்ந்து வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கும் உப்பைக் கையால் அள்ளினாலும் குற்றம். பணக்காரரும் கூலிக்காரரும் ஒரே அளவு உப்புத்தான் சாப்பிடுகிறார்கள். அதனால் இந்த வரியின் சுமை இல்லாதவர்கள் தலையில்தான் அதிகமாக விழுந்தது.

தமிழ்நாட்டில் அதேபோல ஒரு பயணத்தை நடத்தும் பொறுப்பு ராஜாஜியிடம் வந்தது. அவருக்கு அப்போது 51 வயது. திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை சுமார் 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர் நடந்துபோய் உப்பு எடுப்பது என்று முடிவாயிற்று. வேதாரண்யத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அதன் பக்கத்திலுள்ள அகஸ்தியம்பள்ளி முழுக்க உப்பளம். அந்த ஊரைச் சேர்ந்த வேதரத்தினம் பிள்ளை எல்லா ஏற்பாட்டுக்கும் முன்னால் நின்றார்.

தமிழ்நாட்டின் பல பகுதிகளிலிருந்து சுமார் நூறு தொண்டர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாள். ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து சரியாகப் பதினோரு ஆண்டு ஆன நாளும் அதுதான். அன்று அதிகாலை திருச்சி கண்டோன்மெண்டில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து பயணம் புறப்பட்டது. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை இந்தப் பயணத்துக்கென்றே எழுதிய பாட்டைப் பாடிக்கொண்டு தொண்டர்கள் நடந்தார்கள்.

நம் பக்கத்துக்கும் இந்தக் காற்று முன்பே வந்திருந்தது. 1927 செப்டம்பரில் காந்தி கதர் நிதி திரட்டச் செட்டிநாட்டு ஊர்களில் சுற்றியிருந்தார். ‘ஊழியன்’ இதழின் ஆசிரியராக இருந்த ராய. சொக்கலிங்கன் நம் அமராவதிபுதூர்க்காரர். பின்னாளில் காந்தியின் மேல் பிள்ளைத்தமிழே பாடியவர். ஆகவே இது எங்கோ நடந்த அடுத்த வீட்டு விஷயம் என்று நினைக்க வேண்டாம்.

முதல் முட்டுக்கட்டை

நூறு பேர் பதினைந்து நாள் நடக்க வேண்டும். நாளொன்றுக்குப் பத்து மைல். சித்திரை வெயில். மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934-இல்தான். ஏப்ரலில் காவிரி மணலாகத்தான் கிடக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஆண்டு விழாவுக்குச் சமையல்காரரிடம் நூறு பேர் என்று சொன்னால், ஒரு வேளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ அரிசி கேட்பார். நாளைக்கு இரண்டு வேளை என்று வைத்தாலும் பதினைந்து நாளில் மூவாயிரம் சாப்பாடு. இதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. வழியில் உள்ள ஊர்க்காரர்கள் போட்டால்தான் உண்டு. ஒவ்வொரு ஊரிலும் யார் வீட்டில் தங்குவது, எந்தச் சத்திரத்தில் சாப்பிடுவது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள்.

தஞ்சை மாவட்டக் கலெக்டராக இருந்த ஜே.ஏ. தார்ன் கைவைத்தது சரியாக இந்த இடத்தில்தான். தொண்டர்களுக்குச் சாப்பாடோ தங்க இடமோ கொடுப்பவர்கள் இந்தியத் தண்டனைச் சட்டம் 157-ஆம் பிரிவின்படி தண்டிக்கப்படுவார்கள் என்று அறிவித்தார். சட்டவிரோதக் கூட்டத்துக்கென்று திரட்டப்பட்டவர்களுக்கு இடம் கொடுப்பதைக் குற்றமாக்கும் பிரிவு அது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். செய்தித்தாளில் போட்டார்கள், துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள், ஊர் ஊராகத் தமுக்கு அடித்தார்கள்.

கெட்டிக்காரத்தனமான உத்தரவு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சிறைக்குப் போகத் தயாராகவே கிளம்பி வந்த தொண்டர்களைப் பயமுறுத்திப் பயனில்லை. ஆனால் வழியில் இருக்கும் ஊர்க்காரர் அப்படிக் கிளம்பியவர் இல்லை. அவருக்கு வீடு உண்டு, நிலம் உண்டு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உண்டு, சர்க்காரிடம் ஏதாவது காரியமும் நடக்க வேண்டியிருக்கும். அவரைப் பயமுறுத்தினால் போதும். பயணம் பசியால் தானே நின்றுவிடும்.

உத்தரவு வேலையும் செய்தது. இடம் தருவதாகச் சொல்லியிருந்தவர்களில் சிலர் பின்வாங்கினார்கள். சத்திரங்கள் கதவைச் சாத்தின. இதற்காக அவர்களைக் கோழைகள் என்று இன்று நாம் சொல்வது நியாயம் இல்லை. ஆறு மாதம் வீட்டில் சம்பாதிக்கிறவர் இல்லாவிட்டால் நம் குடும்பம் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தால் அந்தப் பயம் புரியும்.

தார்ன் என்றால் ஆங்கிலத்தில் முள் என்று பொருள்படும் சொல்லின் சாயல். இந்த வெள்ளத்தை முட்கள் தடுக்க முடியாது என்ற பொருளில் ராஜாஜி கலெக்டருக்குத் தந்தி கொடுத்தார் என்று சொல்வார்கள். ஆனால் தந்தி சோறு போடாது. மரத்தடியிலும் மணலிலும் படுக்கவும், கிடைத்ததைச் சாப்பிட்டு நடக்கவும் தொண்டர்கள் தயாரானார்கள். மீதியை ஊர்க்காரர்கள்தான் செய்ய வேண்டியிருந்தது.

மரக்கிளையில் தொங்கிய சோறு

அவர்கள் செய்தார்கள். அதுவும் எப்படி?

சாலையோர மரங்களின் கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் கட்டித் தொங்கின. கட்டியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. தொண்டர்கள் ஆற்றங்கரையில் இளைப்பாறும்போது யாரோ ஒருவர் வழிப்போக்கர் மாதிரி வந்து, இன்ன இடத்தில் அண்டாவில் சோறு இருக்கிறது என்று காதில் போட்டுவிட்டுப் போய்விடுவார். போய்ப் பார்த்தால் இருக்கும். போலீஸ்காரர் வந்து கேட்டால் ஊரே ஒரே குரலில் தெரியாது என்று சொல்லும். மரத்தில் தொங்கும் பொட்டலத்தின் மேல் வழக்குப் போட முடியுமா?

இதை நம் வீட்டு அடுப்படியிலிருந்து யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் திடீரென்று பத்துக் கிலோ அரிசி உலை கொதித்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். புகை காட்டிக்கொடுக்கும், வாசனை காட்டிக்கொடுக்கும். ஆகவே இது ஒருவர் தனியாகச் செய்கிற காரியம் இல்லை. ஒருவர் பொங்க, ஒருவர் இலையில் கட்ட, ஒருவர் கொண்டுபோய் வைக்க, ஒருவர் போலீஸ் வருகிறதா என்று பார்க்க, மற்றவர்கள் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். பொங்கியது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் என்று ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை. அவர்களில் ஒருவர் பெயரும் புத்தகத்தில் ஏறவில்லை. பெயர் தெரியாமல் இருந்தது அன்றைக்கு அவர்களுக்கு நல்லதும்கூட.

எல்லோரும் மறைந்து செய்யவில்லை. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் என்ற பிரமுகர் வெளிப்படையாகவே தம் வீட்டில் தொண்டர்களைத் தங்கவைத்து விருந்து போட்டார். போலீஸ் வரும் என்று தெரிந்துதான் செய்தார். வந்தது. ஆறு மாதம் சிறைக்குப் போனார். திருத்துறைப்பூண்டியில் ராமச்சந்திர நாயுடு என்பவர் சாப்பாடு போட்டதற்காகக் கைதானார். இப்படி ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவர் முன்வந்து நின்றார். ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனதும் அடுத்த ஊரில் பயம் கூடும் என்று கலெக்டர் நினைத்திருப்பார். பயம் குறைந்துகொண்டு வந்தது.

ஏன் குறைந்தது? நான் நினைப்பதைச் சொல்கிறேன். அந்த மக்களில் எத்தனை பேருக்கு உப்புச் சட்டமும் சுயராஜ்யமும் முழுக்கப் புரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் வழிநடை வருகிறவனுக்குச் சோறு போடாதே என்று ஒருவன் சொன்னால் அது தப்பு என்று எல்லோருக்கும் புரியும். தஞ்சைச் சீமை சத்திரங்களின் சீமை. ராமேஸ்வரம் போகிற யாத்திரிகர்களுக்காக மராட்டிய அரசர்கள் சாலை நெடுகச் சத்திரம் கட்டிச் சோறு போட்ட ஊர். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். நகரத்தார் விடுதிகள் காசி வரைக்கும் இருக்கின்றன. பழனிப் பாதயாத்திரை குன்றக்குடியிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் போகிறது, வழியெல்லாம் யாராவது சோறு போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாளைக்கு ஓர் அதிகாரி வந்து காவடி தூக்கி வருகிறவனுக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று சொன்னால் நம் ஆச்சி என்ன செய்வார்? தார்னின் உத்தரவு தொட்டது அந்த நரம்பை.

நடந்தவர்கள் கொடுத்தது என்ன?

ஒருபக்கமாக வாங்கிக்கொண்டு மட்டும் தொண்டர்கள் போகவில்லை. தங்கிய ஊர்களில் தெருவைக் கூட்டினார்கள். கதர் பற்றியும் இந்து முஸ்லிம் ஒற்றுமை பற்றியும் பேசினார்கள். தாழ்த்தப்பட்ட மக்களை உள்ளே விடாத கோயில்களுக்குள் தாங்களும் நுழையாமல் இருந்தார்கள். தமிழ்நாட்டில் கோயில் நுழைவுச் சட்டம் வர இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. சோறு போடுகிற ஊரின் மனம் கோணுமே என்று இந்த விஷயத்தில் விட்டுக்கொடுத்திருந்தால் பயணம் சுலபமாக இருந்திருக்கும். அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. உப்பு வரியை எடுத்தால் மட்டும் போதாது, நம் தெருவில் நாமே போட்டிருக்கும் தடைகளும் போக வேண்டும் என்பதையும் சொல்லிக்கொண்டேதான் நடந்தார்கள். இந்தப் பகுதி கதையில் அதிகம் சொல்லப்படுவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வேதாரண்யத்தில்

ஏப்ரல் 28-ஆம் தேதி பயணம் வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது. பதினைந்து நாளில் ஒரு நாளும் தடைபடவில்லை. ஏப்ரல் 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் ராஜாஜியும் தொண்டர்களும் உப்பு அள்ளினார்கள். ராஜாஜி கைதானார், ஆறு மாதச் சிறை. கடைகள் மூடின. அவருக்குப் பிறகு மற்றவர்கள் முன்னால் நின்று சத்தியாக்கிரகத்தைத் தொடர்ந்தார்கள். வேதரத்தினம் பிள்ளையும் சிறைக்குப் போனார். சென்னையிலிருந்து வந்து வேதாரண்யத்தில் கைதான ருக்மிணி லட்சுமிபதி, உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற முதல் பெண் என்று பெயர் பெற்றார்.

இந்த ஊரில் நடந்த இன்னொரு சம்பவம் அவசியம் சொல்ல வேண்டியது. வைரப்பன் என்று ஒரு முடிதிருத்தும் தொழிலாளி. தொண்டர்களை அடிக்கும் போலீஸ்காரர்களுக்குச் சவரம் செய்வதில்லை என்று முடிவு செய்திருந்தார். ஒருநாள் சாதாரண உடையில் வந்த ஒருவருக்குச் சவரம் செய்யத் தொடங்கினார். பாதி முகம் ஆனபோது வந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். மீதிச் சவரத்தைச் செய்துவிட்டுப் போ என்று நீதிபதி சொல்ல, வைரப்பன் தம் கத்திப் பெட்டியை நீட்டி, வேண்டுமானால் நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று சொன்னதாக ஊரில் இன்றும் சொல்வார்கள். சிறைக்குப் போனார். அவருக்கு வேதாரண்யத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது.

பந்துலு ஐயருக்கு வசதி இருந்தது, செல்வாக்கு இருந்தது. வைரப்பனிடம் இருந்தது ஒரு கத்திப் பெட்டி. ஆனால் இருவரும் எடுத்த முடிவு ஒரே மாதிரியானது. தன்னிடம் எது இருக்கிறதோ அதை யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்காமல் இருப்பது என்பதைத் தானே தீர்மானிப்பது.

என்ன கிடைத்தது?

உப்பு வரி உடனே போய்விடவில்லை. 1931 மார்ச்சில் காந்தி-இர்வின் ஒப்பந்தம் ஆனபோது, உப்பு விளையும் இடங்களில் வசிப்பவர்கள் தங்கள் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற சலுகை வந்தது. வரி முழுதும் நீங்கியது 1947-இல். சிறைக்குப் போனவர்கள் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பிழைப்பைத் தொடங்க வேண்டியிருந்தது.

ஆனால் ஒன்று மாறிவிட்டது. அதைச் சொன்னவர் தார்ன்தான். பயணம் முடிந்த பிறகு அவர் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில், மக்களுக்கு அரசாங்கத்தின்மேல் முன்பு ஏதாவது பற்று இருந்திருந்தாலும் இப்போது அது செத்துவிட்டது என்ற கருத்தை எழுதினார். தலைவர்களின் பேச்சைக் கேட்டு அவர் அந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது. தம் உத்தரவைச் சாலையோர மரங்களில் தொங்கிய பொட்டலங்கள் என்ன செய்தன என்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

வரலாற்றுப் புத்தகத்தில் இந்தப் பயணம் ராஜாஜியின் பெயரிலும் நூறு தொண்டர்களின் பெயரிலும் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். ஆனால் அந்த மூவாயிரம் சாப்பாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், நடந்தவர்களைவிட நடக்காமல் வீட்டில் இருந்தவர்களே அதிகம் பேர் இந்தப் பயணத்தில் இருந்திருக்கிறார்கள். எல்லோராலும் 240 கிலோமீட்டர் நடக்க முடியாது. ஓர் இலையில் சோறு கட்டிக் கிளையில் மாட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க நிறையப் பேரால் முடிந்தது. ஒவ்வொருவரும் தமக்கு முடிந்த அளவு மட்டுமே செய்தார்கள். அதெல்லாம் சேர்ந்ததும் ஒரு கலெக்டரின் உத்தரவு செல்லாமல் போயிற்று.

நம் குடியிருப்பில் மோட்டார் கெட்டுத் தண்ணீர் இல்லாத இரண்டு நாளில், கீழ்வீட்டுக்காரர்கள் சிலர் சொல்லாமல் கொள்ளாமல் மூன்றாம் மாடி வாசலில் குடம் வைத்துவிட்டுப் போனார்கள். யார் வைத்தது என்று கேட்டோம், இன்றுவரை யாரும் சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க முடியாத சின்ன விஷயம், சிறைக்குப் போகும் ஆபத்தும் அதில் இல்லை. இருந்தாலும் இந்த வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு அந்தக் குடங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு

இப்போது போய்வருவது எளிது. காரைக்குடி – திருவாரூர் ரயில் பாதையில் அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை வழியாகத் திருத்துறைப்பூண்டி போகலாம். அங்கிருந்து அகஸ்தியம்பள்ளிக்குப் பல ஆண்டுகள் நின்றுபோயிருந்த ரயில் 2023-இல் மறுபடி ஓடத் தொடங்கியது. நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அகஸ்தியம்பள்ளியில் உப்பு எடுத்த இடத்தில் நினைவுத் தூண் இருக்கிறது. வேதாரண்யத்தில் வேதரத்தினம் பிள்ளை 1946-இல் பெண் குழந்தைகளுக்காகத் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலம் இன்றும் நடக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். உப்பளத்தை வெயிலில் நின்று பார்த்தால்தான் ஒரு கைப்பிடி உப்பின் அருமை தெரியும்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தால், அவர்களுடைய அப்பச்சியோ ஐயாவோ அந்தக் காலத்தில் காங்கிரஸ்காரர்களுக்கு வீட்டில் சோறு போட்டதாக ஏதாவது பேச்சு உண்டா என்று கேளுங்கள். யாருக்கும் தெரியாமல் போட்ட சோறு என்பதால் எங்கும் எழுதியிருக்காது, வீட்டுப் பேச்சில்தான் இருக்கும். இருந்தால் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், அடுத்த இதழில் போடுவோம்.

வரும் தைப்பூசத்துக்கும் வாசலில் மேசை போடுவதாகக் கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு உலை வைக்க ஆச்சிக்கு இரண்டு பேர் துணை வேண்டுமாம். அந்தக் கல்லூரித் தம்பி ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார். இன்னும் ஓர் ஆள் தேவை.